பலகையைத் தூக்கிக்கொண்டு போனவர்

எந்தச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மிஷினையும் பார்க்க மாட்டார், சுவிட்ச் போர்டையும் பார்க்க மாட்டார். கிரைண்டருக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தாலோ, ஃபிரிட்ஜுக்கு முன்னால் நாலாக மடித்த சாக்கு கிடந்தாலோ அவருக்கு முகம் மாறிவிடும். கையிலிருக்கும் பெட்டியைத் திறக்காமலே, "இங்க ஷாக் அடிக்குது" என்று சொல்லிவிடுவார். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னபடிதான் இருக்கும்.

நான் வேலை பார்த்த பக்கத்தில் அப்போது பலகை இல்லாத கடையே கிடையாது. ஊர் ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில் இருந்துகொண்டு கரண்டுக்குப் பயந்தால் கேவலம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. குடும்பத்துக்கு ஒருவர் நிலக்கரி மைன்ஸிலோ, கரண்ட் எடுக்கிற தெர்மலிலோ வேலையில் இருப்பார். மிஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று யாராவது சொன்னால், "செருப்பு போட்டுக்கோ, பலகை மேல நின்னுக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மழைக்காலம் வந்தால் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை வரும். அதற்குப் பெயர் ரிப்பேர்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது, நேரில் வந்து திட்டுவார். மார்க்கெட்டில் எல்லோரும் மெக்கர் அக்கா என்பார்கள். வயருக்குள் ஓட வேண்டிய கரண்ட் மிஷினின் உடம்புக்குக் கசிகிறதா என்று பார்க்கிற கருவிக்கு மெக்கர் என்று பெயர். அதை ஒரு மஞ்சள் பெட்டியில் போட்டு, ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, இரண்டு காலாலும் அணைத்தபடி ஓட்டிவருவார். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. ஆள் குள்ளம். குரல் மட்டும் ஷிஃப்ட் சைரனோடு போட்டி போடும்.

டவுன்ஷிப் மார்க்கெட்டில் ஒரு மெஸ். அதில் நான் மாவரைக்கிற வேலையில் இருந்தேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவேன். மெஸ் முதலாளி தெற்கத்திக்காரர், வியாபாரிகள் சங்கத்தில் செயலாளர், சிரித்த முகம். கேன்டீன்களுக்குச் சாப்பாடு போடுகிற காண்ட்ராக்ட்டும் அவர் கையில் இருந்தது. மின்சாமான்களை எல்லாம் சோதித்துச் சான்று வாங்கி வையுங்கள் என்று காண்ட்ராக்ட் கொடுப்பவர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் கேட்க ஆரம்பித்திருந்த நேரம் அது. சோதித்தால் சரியாக இருக்கிறது என்பதற்குப் பச்சை ஸ்டிக்கர், தொடாதே என்பதற்குச் சிவப்பு ஸ்டிக்கர். முதலாளி பச்சைக்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்.

வந்தவுடன் டீ கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை.

"வேலை முடியட்டும். டீ குடிச்ச வாயில ரெட்டுன்னு சொல்ல வராது" என்றார்.

முதலாளி அதை ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் உள்ளே பலகை மேல் நின்று கிரைண்டரில் உளுந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எறங்கு" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

"எறங்குனா அடிக்குங்க."

"அடிக்கும்னு தெரிஞ்சுதான் நிக்கிறியா?"

"அதான் பலகை இருக்குதுங்களே. பலகை மேல நின்னுகினா ஒண்ணும் பண்ணாதுங்க."

அவர் சுவிட்சை அணைத்தார், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார், என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனார். நானும் மாவுக் கையோடு பின்னாலேயே போனேன்.

"இது என்னங்க?" என்று முதலாளி முன்னால் பலகையை வைத்தார்.

"பலகை."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு கொஞ்சம் குட்டை. உயரத்துக்குப் போட்டிருக்கு."

நான் குட்டை இல்லை. கிரைண்டர் என் இடுப்புக்குத்தான் வரும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, வேலை வேண்டுமே.

அவர் பிளக்கில் தான் கண்டதைச் சொன்னார். மூன்று முள் பிளக்கில் மேலே தடியாக இருக்க வேண்டிய எர்த் முள்ளைக் காணோம். கசிகிற கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோகிற முள் அது. எங்கள் சுவரில் இருந்தது இரண்டு ஓட்டை சாக்கெட். முள் இடித்தது, உடைத்துப் போட்டுவிட்டார்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுக்கிற டிரிப்பர் ஒன்றும் போர்டில் இருந்தது. அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று அதையும் விட்டுவிட்டு டைரக்டாக லைன் கொடுத்திருந்தார்கள். "நாய் குலைக்குதுன்னு நாய் வாயைக் கட்டிட்டு கதவைத் திறந்து வச்சிருக்கீங்க" என்றார். உள்ளே மெக்கரை வைத்துப் பார்த்தபோது அதன் ஊசி பூஜ்யத்துப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது, அவ்வளவு கசிவு.

"இத்தனை வருஷமா ஓடுதும்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தொட்டா லேசா சுருக்குன்னு ஒரு இது, அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

"லேசான ஷாக்கு, பெரிய ஷாக்குன்னு ரெண்டு கிடையாதுங்க. காஞ்ச நாளு, ஈர நாளுன்னுதான் ரெண்டு."

"நீ பெருசு பண்ற. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா? அப்ப வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வந்து தொடுங்க."

முதலாளி எழுந்து வந்தார். கிரைண்டருக்கு முன்னால் நின்றார். தரை வழக்கம்போல் ஈரம். ஒரு செருப்பைக் கழற்றினார், பிறகு அதையே திரும்ப மாட்டிக்கொண்டார். "எனக்கு பிபி இருக்கு" என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாக்கியம் குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்க முடியவில்லை போலிருக்கிறது.

மெக்கர் அக்கா சிவப்பு ஸ்டிக்கரைப் பிரித்தார்.

"பாரும்மா, நான் சங்கத்துல செக்ரட்டரி. இதை ஒட்டினா இந்த மார்க்கெட்டுல ஒரு கடை உன்னைக் கூப்பிடாது. யோசிச்சுக்கோ" என்றார் முதலாளி. அப்போதும் சிரித்த முகம்தான்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டிக்கரை ஒட்டி, நாலு ஓரத்தையும் நகத்தால் அழுத்திவிட்டார்.

முதலாளி போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "ஏங்கக்கா, அவரு நெஜமாவே தொட்டிருந்தா?"

"பிடுங்கின பிளக்கை நான் எங்கடி மாட்டினேன்?"

திரும்பிப் பார்த்தேன். பிளக் அரிசி மூட்டைக்குப் பின்னால் தரையில் கிடந்தது. முதலாளி செத்த மிஷினுக்கு முன்னால் நின்றுதான் பிபி என்று சொல்லியிருக்கிறார்.

"நான் சோதிக்கிறது அவர் பேச்சை. உயிரை இல்ல" என்றார்.

அவருடைய வேலைமுறையே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யார் ஒன்றும் இல்லை என்று வாதாடினாலும் ரகசியமாகப் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து தொடுங்கள் என்பார். தொட்டவர்கள் யாருமில்லை. அதனால் பிளக் கழன்று கிடப்பதைக் கண்டுபிடித்தவர்களும் ஒருவரைத் தவிர இல்லை. கோளாறெல்லாம் சரிசெய்து மீட்டரும் நல்லபடியாகச் சொன்ன பிறகுகூட உடனே பச்சை ஒட்ட மாட்டார். லைனைக் கொடுத்து, முதலாளியைச் செருப்பில்லாமல் ஈரத்தரையில் நிற்கவைத்து, அவர் உள்ளங்கையை மிஷின் மேல் வைக்கச் சொல்வார். அந்தக் கை அங்கே இருக்கும்போதுதான் பச்சை ஒட்டுவார். வேலைக்காரர்கள் கை வைத்தால் கணக்கில் சேராது. "அவங்க தினம் வைக்கிற கைதானே" என்பார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் பெருமையாகத் தோன்றவில்லை. பலகையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பியவரைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, பலகையக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு நான் எதும்மேல நிப்பேன்?"

"நிக்காத."

"நிக்காம எப்பிடி அரைக்கிறது?"

"அரைக்காத. எப்பிடி அரைக்கிறதுன்னு அவர் யோசிக்கட்டும். உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். உனக்கென்ன, நீ ஒட்டிவிட்டுப் போய்விடுவாய், நாளைக்கு ஏச்சு வாங்குவது நான்தானே என்று மனசுக்குள் அவரைத் தாறுமாறாகத் திட்டினேன். மறுநாள் முதலாளி பலகைக்குப் பதில் சாக்கு கொடுத்தார். நானும் அதன் மேல் ஏறி நின்று அரைத்தேன்.

அவரைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு சோகக்கதை தேவைப்பட்டது. அப்பா மைன்ஸ் வேலைக்காக மேற்கேயிருந்து வந்தவர் என்றார்கள். புருஷன் கரண்ட் அடித்துச் செத்துப்போனான் என்றார்கள். தம்பி என்றார்கள். பொம்பளை ஒருத்தி இவ்வளவு பிடிவாதமாக இருந்தால் வீட்டில் ஒரு பிணம் விழுந்திருக்க வேண்டும் என்று ஒரு நியாயம் போலிருக்கிறது. பாக்கியம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "ஏங்கக்கா, ஒங்க வூட்ல யாருக்காச்சும் ஆயிடுச்சிங்களா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லா தின்னு கொழுத்துட்டு இருக்காங்க. ஏன், யாராவது செத்த பிறகுதான் கேக்கணுமா? அதுக்கு முன்னாடி கேட்டா என்ன குறைஞ்சு போகுது?"

பாக்கியம் அதற்குப் பிறகு அவரிடம் வாயைக் கொடுக்கவில்லை.

தொட்டவர்கள் யாருமில்லை என்றேன். தொட வந்தவர் ஒருவர் உண்டு. எங்கள் ஊர் ரோட்டில் மாவு மில் வைத்திருந்த பெரியவர். தெர்மலில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் மிளகாய் அரைக்கப் போயிருந்த அன்று மெக்கர் அக்கா அங்கே மோட்டாருக்குச் சிவப்பு ஒட்டப் போகிறேன் என்று நின்றுகொண்டிருந்தார். மில் ஓட்டுவது பெரியவரின் மருமகள். மிஷினுக்கு முன்னால் பலகையும், பலகை மேல் ஒரு பழைய ரப்பர் பாயும் கிடந்தன.

"நான் பார்க்காத கரண்டாம்மா? லட்சக்கணக்கான வோல்ட்டுக்குப் பக்கத்துல நின்னவன். இது கொசுக்கடி" என்றார் பெரியவர்.

"அப்ப தொடுங்க ஐயா."

பெரியவர் யோசிக்கவே இல்லை, செருப்பைக் கழற்றினார். ஆனால் அவர் மிஷின் பக்கம் போகவில்லை, சுவர்ப் பக்கம் போனார். பிளக் கழன்று தொங்குவதைப் பார்த்தார். திரும்பி மெக்கர் அக்காவைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"லைன் செத்திருக்கான்னு பாக்காம நான் எதும்மேலயும் கை வைக்கிறதில்லம்மா. சர்வீஸ் பூரா அப்பிடித்தான்."

"தெர்மல்ல லைன் செத்திருக்குன்னு பெர்மிட் சீட்டு வாங்காம வேலை செய்வீங்களா?"

"உள்ளயே விட மாட்டான்."

"உங்க மருமகளுக்கு யாரு பெர்மிட் தந்தது?"

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண் மிளகாய்த் தூள் படிந்த முகத்தோடு நின்றது. "எத்தினி நாளாம்மா அடிக்குது?" என்று கேட்டார். "ரொம்ப நாளா மாமா. பாய் போட்டதும் கொறைஞ்சிடுச்சி" என்றது. பெரியவர் தானே பலகையையும் பாயையும் சுருட்டி எடுத்து மெக்கர் அக்காவின் ஸ்கூட்டியில் வைத்துவிட்டு, சிவப்பை ஒட்டச் சொன்னார். நான் மிளகாயை அரைக்காமலே திரும்பிவந்து வீட்டில் என் ஆயாவிடம் திட்டு வாங்கினேன்.

மெஸ் முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. சங்கத்தில் பேசிவிட்டார். மார்க்கெட்டில் எந்தக் கடையும் மெக்கர் அக்காவைக் கூப்பிடவில்லை. வேறொரு ஆள் வர ஆரம்பித்தான். பெட்டியே கிடையாது, சட்டைப் பையில் ஸ்டிக்கர் சுருள் மட்டும். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எத்தனை மிஷின் என்று கேட்டு அத்தனை பச்சையைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் கிரைண்டரிலிருந்த சிவப்பைச் சுரண்டி எடுக்க முடியவில்லை, அந்த அளவுக்கு நகத்தால் அழுத்தியிருந்தார். அதன் மேலேயே பச்சையை ஒட்டினார்கள். ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. நான் அரைக்கும்போதெல்லாம் அதையே பார்ப்பேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். மறுநாள் காலையில் ஒரு ரிட்டயர்மென்ட் விருந்து. எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்குச் சமம், சொந்தபந்தம் எல்லாம் வந்துவிடும். அண்டா அண்டாவாக அரிசியும் உளுந்தும் ஊறியிருந்தன. கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். சாக்கு நனைந்து சொதசொதவென்று கிடந்தது. மாவை வழிக்க எனக்கு உதவியாக வந்த பாக்கியம் கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தாள். பிடித்தவள் கத்தக்கூட இல்லை. யாரோ பிடித்துத் தள்ளினமாதிரிப் பின்னால் போய் விழுந்தாள். உதடு வெளுத்துவிட்டது. வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம்.

முதலாளி ஓடிவந்தார். பாக்கியத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்ததும் மூச்சு விட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "குளிர்ல நடுங்கியிருக்கு. பச்சை ஒட்டியிருக்கு பாரு. காஞ்ச சாக்கு ஒண்ணு போட்டுட்டு நீ ஆரம்பி, நேரமாகுது" என்றார்.

எனக்கு அந்தக் குள்ள உருவம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கக்கத்தில் பலகையை இடுக்கிக்கொண்டு, இது என்னங்க என்று கேட்ட குரல். நான் சுவிட்சை அணைத்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் கையைவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதலாளிக்கு எதிரே வந்து நின்றேன்.

"நீங்க மொதல்ல தொடுங்க மொதலாளி. நாங்க அரைக்கிறோம்."

"என்ன சொன்ன?"

"பச்சை ஒட்டியிருக்குதுன்னு நீங்கதானே சொல்றீங்க. பச்சைன்னா நீங்களும் தொடலாமில்ல? செருப்பக் கழட்டிட்டு ஒருவாட்டி தொட்டுக் காட்டுங்க. பொழுதுக்கும் நின்னுகினு அரைச்சிக் கொடுக்கிறேன்."

பாக்கியம் எழுந்துவந்து என் பக்கத்தில் நின்றாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அருவாமனையை மடக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். முதலாளி கிரைண்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஊறிக் கிடந்த அண்டாக்களைப் பார்த்தார். ஒரு கையை நீட்டினார். கிரைண்டருக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றுவிட்டது. செத்துக் கிடந்த மிஷின்தான், பிளக்கைப் பிடுங்கின எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கையை இழுத்துக்கொண்டார்.

பச்சை ஒட்டியவனுக்கு போன் போட்டார். அவன் வந்தான். அவனையும் தொடச் சொன்னோம். அவசரமாக இன்னொரு கடைக்குப் போக வேண்டும் என்று மழையிலேயே போய்விட்டான். அப்புறம் முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெக்கர் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா ரெயின்கோட்டில் வந்து இறங்கினார். வந்ததும் தரையைப் பார்த்தார். சாக்கைக் காலால் எத்தி ஓரமாகத் தள்ளினார். டீ வேண்டாம் என்றார். ஒரு எலக்ட்ரீஷியனையும் கூடவே கூட்டிவந்திருந்தார். கேபிள் மாறியது, மூன்று முள் பிளக் வந்தது, புது எர்த் வயர் இழுத்தார்கள், டிரிப்பரைத் திரும்ப லைனில் சேர்த்தார்கள். மீட்டர் வைத்தார், மறுபடியும் வைத்தார். எல்லாம் ஆன பிறகு லைனைக் கொடுத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி இரண்டு செருப்பையும் கழற்றினார். தண்ணீரில் இறங்கி நின்றார். கண்ணை மூடிக்கொண்டு கிரைண்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அவருக்குச் சோறு போட்ட மிஷினை அவர் தொட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சிரித்த முகம் அப்போது இல்லை.

பச்சையை ஒட்டிவிட்டு அக்கா பெட்டியை மூடியபோது முதலாளி சொன்னார். "வேலை சுத்தம்தான். ஆனா சங்கத்துல சொன்னது சொன்னதுதான். ஆளுங்களைத் தூண்டிவிட்டுட்ட. இனிமே இந்த மார்க்கெட்டுல உன்னை எவனும் கூப்பிட மாட்டான்."

"நீங்க யாரும் கூப்பிட வேணாங்க. பலகையே கூப்பிடும்" என்றார் மெக்கர் அக்கா.

நானும் பாக்கியமும் அன்று பஸ்ஸைத் தவறவிட்டு மெஸ்ஸிலேயே தங்க வேண்டி வரவில்லை, பொழுதோடு அரைத்து முடித்து வீடு போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு வேகமாக நான் அரைத்ததே இல்லை. பயமில்லாமல் கை வைத்தால் வேலை தானாக ஓடுகிறது. அடுத்த மாதம் முதலாளி என்னிடம், ஆள் அதிகமாக இருக்கிறது, நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். போகட்டும். நான் அழவில்லை, கெஞ்சவில்லை. என் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பலகை கூப்பிடும் என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது. கடைக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை. கடையில் வேலை பார்க்கிற பெண்கள் கூப்பிட்டார்கள். பேசக்கூட மாட்டார்கள். மிஷினுக்கு முன்னால் கிடக்கிற பலகையை போனில் படம் எடுத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஹாஸ்டல் கிச்சனிலிருந்து, குள்ளஞ்சாவடி ஜூஸ் கடையிலிருந்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகைகளிலிருந்து எல்லாம் படம் வரும். அவர் வாடிக்கையாளர் மாதிரிப் போய் வாசலில் நின்று, "உங்க கடையில ஷாக் அடிக்குதாமே, ஊரே பேசுது" என்று உரக்கச் சொல்வார். நாலு பேர் காதில் விழுந்தால் போதும், கடைக்காரர் பதறிப்போய் உள்ளே கூப்பிட்டுவிடுவார். சில இடத்தில் விரட்டியும் இருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஸ்கூட்டி டயரைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் போய் அதே வாசலில் நின்றார்.

இத்தனை பலகையையும் கொண்டுபோய் என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அடுப்புல வச்சு வெந்நீர் போடுறேன். உங்க மெஸ் பலகை நல்ல வைரம் பாஞ்ச கட்டை, மூணு வேளைக்கு வந்துச்சு" என்றார்.

நான் முத்தாண்டிக்குப்பத்தில் சொந்தமாக ஒரு மாவுக்கடை போட்டேன். ஒரு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ். கடை திறப்பதற்கு முன்னால் அவர்தான் வந்து சோதித்தார். என்னையும் விடவில்லை. செருப்பைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிய தரையில் நிற்கவைத்து, கையை வைக்கச் சொன்னார். எல்லாம் தெரிந்த நானே கையை ஒருமுறை பின்னால் இழுத்துவிட்டுத்தான் வைத்தேன். பச்சை ஒட்டிவிட்டு, "இப்ப கொண்டா" என்றார். அவர் டீ குடித்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டு டம்ளர் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று குறை வேறு. பிறகு அவருக்குக் கடலூர்ப் பக்கம் ஃபேக்டரிகளில் வேலை அதிகமாகி, இந்தப் பக்கம் வருவது நின்றுபோனது. பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

கடை பெரிதானபோது கலாவை வேலைக்கு வைத்தேன். இரண்டு பிள்ளைக்குத் தாய், வாய் அதிகம் பேசாது, வேலையில் கைதான் பேசும். நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். போன மழையில் ஒருநாள் காலை கடைக்குள் போனேன். கிரைண்டருக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது.

என் கடையில் பலகை கிடையாது. நான் போட விட்டதில்லை.

"ஏது இது?"

"வூட்ல சும்மா கெடந்திச்சிங்கக்கா. எடுத்தாந்தேன்."

"எதுக்கு?"

கலா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒயரத்துக்குங்கக்கா."

கலா என்னைவிட ஒரு தலை உயரம். நான் செருப்பை உதறிவிட்டுப் பலகையைத் தள்ளி, ஈரத்தில் நின்று புறங்கையால் கிரைண்டரைத் தொட்டேன். சுர்ரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. பச்சை ஸ்டிக்கர் அதே இடத்தில் இருந்தது, வெளுத்துப் போய்.

"எத்தினி நாளாடி?"

"கொஞ்ச நாளாங்கக்கா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா... அரைக்க ஆளு வேணாம்னு அனுப்பிட்டீங்கன்னா? எனக்கு வேற எங்க வேலை கெடைக்கும்?"

என்னைப் பார்த்து ஒருத்தி இதைச் சொல்கிறாள். மாவுக் கையோடு கல்லாவுக்கு முன்னால் வாயைத் திறக்காமல் நின்றது நான்தானே. நான் எந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். "இன்னிக்கி மாவு கெடையாது, நீ அந்த ஸ்டூல்ல உக்காரு, ஒனக்கு வேலை எங்கயும் போகாது" என்றேன். வாசலில் தூக்குவாளியோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். பலகையை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு அவருக்கு போன் போட்டேன்.

எடுத்தார். ஷிஃப்ட் சைரன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"அக்கா, என் கடையில பலகை வந்துடுச்சிக்கா."

"யாரு கொண்டாந்தது?"

"வேலை செய்யிற பொண்ணு. ஒயரத்துக்குன்னு சொல்லுது."

"நீ தொட்டுப் பாத்தியா?"

"தொட்டேன். செருப்பக் கழட்டிட்டுத்தான் தொட்டேன். அடிக்குது."

"அறிவிருக்கா உனக்கு? பிளக்கைப் பிடுங்காம எவடி தொடச் சொன்னது?" என்று கத்தினார். கத்தி முடித்த பிறகு அவர் ஸ்கூட்டி சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"கெளம்பிட்டேன். டீ போட்டு வைக்காத."